டிஎன்ஏ கம்பியா, கம்பிக்கு நூலா?

கேள்வி, 6 ஜனவரி 2024

டிஎன்ஏ மின்சாரத்தைக் கடத்தும், அதன் தடிமன் 2 நானோமீட்டர்தான், ஆகவே சிலிக்கான் சில்லுகளின் காலம் முடிந்தது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதே கட்டுரையின் கீழ்ப்பாதியில், டிஎன்ஏவின் மேல் வெள்ளியைப் படியவைத்து நானோ கம்பி செய்தார்கள் என்றும் இருக்கிறது. தானே கடத்துகிற பொருளுக்கு வெள்ளி எதற்கு? இந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

6 ஜனவரி 2024, இரவு 11.10

கட்டுரை எழுதியவர் இரண்டு கதைகளை ஒரே முடிச்சில் கட்டிவிட்டார். டிஎன்ஏ கடத்துமா என்பது ஒரு சண்டை. டிஎன்ஏவை நூலாக வைத்து அதன்மேல் உலோகம் வளர்ப்பது வேறு வேலை. முதலாவதில் நான் வேடிக்கை பார்த்தவன். இரண்டாவதில் 2012 முதல் 2016 வரை விரலைக் கறுப்பாக்கிக்கொண்டவன். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்ட பிறகு கறுக்கும், சோப்புக்கு அசையாது.

சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் இரண்டு பேர் டிஎன்ஏ நன்றாகவே கடத்துகிறது என்றார்கள். 2000இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் சுமார் 10 நானோமீட்டர் நீளத் துண்டை அளந்தவர்கள் அது குறைக்கடத்தி போல நடந்துகொள்கிறது என்றார்கள். 2001இல் ஒரு குழு மீக்குளிரில் மீக்கடத்தல், அதாவது தடையே இல்லாத கடத்தல், வரைக்கும் போய்விட்டது. ஒரே பொருள், ஆளுக்கொரு தீர்ப்பு. இழையில் ஒட்டியிருக்கும் உப்பு, ஈரம், மின்முனையைத் தொடும் விதம், படம் எடுக்கப் பயன்பட்ட எலக்ட்ரான் கற்றை விட்டுப்போகும் கரிப்படலம் என்று அளவீட்டைக் கெடுக்க ஆயிரம் வழிகள் இருந்தன. இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது இதுதான்: சில நானோமீட்டர் தூரத்துக்கு மின்னூட்டம் தாவித் தாவிப் போகும். மைக்ரோமீட்டர் கணக்கில் நீண்டு தரையில் கிடக்கும் டிஎன்ஏ மின்காப்புப் பொருள்தான்.

வெள்ளிக் கதை 1998இல் இஸ்ரேலின் ஹைஃபாவில், டெக்னியான் பல்கலைக்கழகத்தில் நடந்தது. எரெஸ் பிரவுன், ஊரி சிவான், அவர்களோடு இன்னும் இருவர். இரண்டு தங்க மின்முனைகளுக்கு நடுவே ஒரே ஒரு டிஎன்ஏ மூலக்கூற்றைப் பாலம் போல் கட்டி அளந்தார்கள். மின்சாரம் பாயவில்லை. அதன் பிறகுதான் அதன்மேல் வெள்ளியை வளர்த்தார்கள், 16 மைக்ரோமீட்டர் நீளத்துக்கு. கடத்தாததால்தான் வெள்ளி. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். தூக்கம் வருகிறது.

7 ஜனவரி 2024, காலை

இவ்வளவுதான் என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அந்தச் செய்முறையை ஒழுங்காகச் சொல்லாமல் விட்டது உறுத்துகிறது.

அவர்கள் எடுத்தது லாம்டா என்ற வைரஸின் டிஎன்ஏ. டிஎன்ஏவின் அலகுகளை எழுத்துகள் என்போம், அவை ஜோடியாக நிற்கும்; இதில் 48,502 ஜோடிகள். ஒரு ஜோடிக்கு 0.34 நானோமீட்டர் என்று பெருக்கினால் 16 மைக்ரோமீட்டர் சொச்சம். இதன் இரண்டு நுனிகளிலும் 12 எழுத்துகள் ஜோடி இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். இயற்கையே கொடுத்த கொக்கி. ஒரு மின்முனையில் இடது கொக்கிக்குப் பொருந்தும் 12 எழுத்துத் துண்டை ஒட்டினார்கள், மறுமுனையில் வலது கொக்கிக்குப் பொருந்துவதை. துண்டுகளின் அடியில் கந்தகம். கந்தகம் தங்கத்தை விடாது. பிறகு டிஎன்ஏ கரைசலை ஊற்றித் திரவத்தை ஓட விட்டால், ஒரு முனை மாட்டிக்கொண்ட இழை ஓட்டத்தில் நீண்டு மறுமுனையையும் பிடித்துக்கொள்ளும்.

இனி வெள்ளி. டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னூட்டம். அதைச் சமன்செய்ய ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம் அயனிகளின் இடத்தில் வெள்ளி அயனிகளை உட்காரவைத்தார்கள். காரக் கரைசலில் ஹைட்ரோகுவினோன் சேர்த்ததும் அந்த அயனிகள் குட்டி வெள்ளிக் குருணைகளாயின. அடுத்து, மங்கிய வெளிச்சத்தில், அமிலக் கரைசலில் மீண்டும் வெள்ளி அயனியும் ஹைட்ரோகுவினோனும். இப்போது ஏற்கெனவே இருக்கும் குருணைகளின் மேல் மட்டும் வெள்ளி ஏறும்.

இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சித்தப்பா ஒரு சிறு ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். இருட்டறையில் பள்ளி விடுமுறை முழுக்க அவருக்குத் தட்டு பிடித்தவன் நான். ஃபிலிமில் வெளிச்சம் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளிக் குருணை இருக்கும்; டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுவினோன் அதைப் பெரிதாக்கும். அதே ரசாயனம், அதே தந்திரம். காற்றுப்பட்டு டீ நிறத்துக்குத் திரும்பிய டெவலப்பரைச் சித்தப்பா சாக்கடையில் ஊற்றுவார். ஆய்வகத்தில் என் குப்பி அதே நிறத்துக்குத் திரும்பியபோது எனக்கு மட்டும் அது புதிய விஷயமாக இல்லை.

7 ஜனவரி 2024, மதியம்

திருத்தம். நேற்று 16 மைக்ரோமீட்டர் வெள்ளிக் கம்பி என்று எழுதினேன். 16 டிஎன்ஏவின் நீளம். கம்பியின் நீளம் 12 மைக்ரோமீட்டர், அகலம் சுமார் 100 நானோமீட்டர்.

9 ஜனவரி 2024

சரிகைத் தொழிலில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் போடுவது எங்கள் வேலை. நீங்கள் சொல்வதும் சரிகைதானே? நூல் பலத்துக்கு, உலோகம் மினுக்குக்கு. உங்கள் வெள்ளியைச் சுற்றுகிறீர்களா, தட்டுகிறீர்களா?"

நான்கு வருடம் ஆராய்ச்சிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை.

சுற்றுவதும் இல்லை, தட்டுவதும் இல்லை. வளர்க்கிறோம். வில்லங்கமே அங்குதான். உங்கள் வெள்ளி, கம்பியாக இழுத்துத் தட்டையாக்கியது. நுனி முதல் நுனி வரை ஒரே உலோகம். எங்களுடையது மணிமாலை. குருணை பக்கத்துக் குருணையைத் தொடும்வரை வளர்கிறது, தொட்டதும் கம்பி என்று பெயர் வைத்துவிடுகிறோம். தொட்டுக்கொண்டிருப்பதும் ஒட்டியிருப்பதும் ஒன்றல்ல என்று மின்சாரத்துக்குத் தெரியும்.

ஒரு கணக்கு. 12 மைக்ரோமீட்டர் நீளம், 100 நானோமீட்டர் தடிமன் உள்ள கெட்டி வெள்ளிக் கம்பிக்கு மின்தடை சுமார் 6 ஓம் வரவேண்டும். டெக்னியான் கம்பியில் வந்தது மெகாஓம் கணக்கில். அதுவும் நேர்மையான தடை அல்ல. சிறிய மின்னழுத்தத்தில் ஒன்றுமே பாயாது, ஓர் எல்லையைத் தாண்டினால்தான் பாயும். மேலே போகும்போது ஒரு கோடு, கீழே வரும்போது வேறு கோடு. அந்தக் கட்டுரையிலேயே இதை மறைக்காமல் வரைந்து காட்டியிருந்தார்கள், அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

தடிமனையும் பாருங்கள். நூல் 2 நானோமீட்டர், கம்பி 100. ஐம்பது மடங்கு. ஒரு மில்லிமீட்டர் சணலின் மேல் ஐந்து சென்டிமீட்டருக்கு மண் அப்புவது போல. உள்ளே இருக்கும் சணல் எவ்வளவு மெல்லியது என்று பெருமையடித்து என்ன பயன்?

9 ஜனவரி 2024, இரவு

ஒருவர் கணக்கைத் திருத்தியிருக்கிறார். 100 நானோமீட்டரை ஆரமாகப் போட்டுவிட்டேன், அது விட்டம். 6 ஓம் தவறு, 24 ஓம் சரி. மெகாஓமுக்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான் என்று வாதாடலாம். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி நினைவுக்கு வருவதால் வாதாடவில்லை.

12 ஜனவரி 2024

பல்லேடியம் என்ற உலோகத்தை ஏன் சொல்லவில்லை என்று ஒரு குறை. நியாயம். 2001இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் டிஎன்ஏவின் மேல் பல்லேடியம் வளர்த்த குழுவின் கம்பிகள் ஓம் விதிக்குக் கட்டுப்பட்டு, உலோகம் போலவே கடத்தின. முதலில் பல்லேடியம் அயனிகளை இழையோடு பிணைத்து, பிறகு ஒடுக்கி உலோகமாக்குவார்கள். குருணைகள் நெருக்கமாக விழும். அவையும் 50 நானோமீட்டருக்கு மேல் தடித்தவைதான்.

நான் செய்ததும் அதன் வழிவந்த ஒன்றுதான். என் பிரச்சினை கம்பி அல்ல, கம்பியைச் சுற்றியிருந்த இடம். இரண்டு நிமிடம் கூடுதலாக வைத்தால் இழையின் மேல் மட்டுமல்ல, அடித்தளம் முழுக்கத் தூவினாற்போல் உலோகப் பொட்டுகள். இரண்டு நிமிடம் குறைத்தால் கம்பியில் இடைவெளி. சித்தப்பாவின் ஊரில் இதற்குப் பெயர் 'ஃபாக் அடிச்சிருச்சு'. மணமக்களின் முகத்தோடு பின்னால் இருக்கும் வெள்ளைத் திரையும் சாம்பலாகிவிடும். அவர் படத்தைக் கிழித்துவிட்டு வேறு பிரிண்ட் போடுவார். நான் ஒவ்வொரு முறையும் மூன்று நாள் பின்னால் போவேன்.

13 ஜனவரி 2024

சூடாக்கி உருக்கி ஒட்டவைத்தால் என்ன என்று சரிகைக்காரர். செய்து பார்க்காமலா! இவ்வளவு மெல்லிய உலோகம், அதன் உருகுநிலைக்கு வெகு முன்பே அசைய ஆரம்பித்துவிடும். அசைந்து ஒட்டுவதற்குப் பதிலாக உருண்டு பிரியும், கண்ணாடியில் தண்ணீர்க் கோடு போட்டால் துளிகளாகப் பிரிவது போல. கம்பியை வைத்தேன், திரும்ப எடுத்தபோது கடுகு வரிசை இருந்தது.

20 ஜனவரி 2024

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் இங்கே கம்பியையே பேசிக்கொண்டிருக்கிறோம். துகள்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன், எனக்குப் பிடித்தது அதுதான்.

தங்க நானோ துகள் செய்வது சமையல் மாதிரி. கண்ணாடிக் குடுவையை முதலில் இராஜதிராவகம் என்ற கடும் அமிலக் கலவையில் கழுவவேண்டும்; ஓர் அழுக்கு இருந்தாலும் காரியம் கெடும். தங்கச் சேர்மமான குளோரோ ஆரிக் அமிலத்தை நீரில் கொதிக்கவைத்து, சோடியம் சிட்ரேட்டை ஒரே மூச்சில் ஊற்றவேண்டும். வெளிர்மஞ்சள் முதலில் நிறமிழக்கும். பிறகு கறுக்கும். முதல் தடவை செய்பவர்கள் இங்கே கைவிட்டுவிடுவார்கள். விடாமல் கிளறினால் ஊதாவாகி, கடைசியில் நாவற்பழச் சாறும் இல்லை, மாதுளையும் இல்லை, நடுவே ஒரு சிவப்பு வரும். 13 நானோமீட்டர் உருண்டைகள். 520 நானோமீட்டர் அலைநீள அளவிலான பச்சை ஒளியை விழுங்குவதால் அந்தச் சிவப்பு. 1857இல் ஃபாரடே இந்தச் சிவப்புத் திரவத்தில் உப்பைப் போட்டால் நீலமாகிறது என்று எழுதிவைத்தார். துகள்களின் மேலிருக்கும் எதிர்மின்னூட்டம்தான் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. உப்பு அந்த விலக்கலை மறைத்துவிடும், துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும், நிறம் மாறும். அப்படி விழுந்தவை திரும்ப எழாது.

1996 ஆகஸ்டில் நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. ஒன்று அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின், ராபர்ட் லெட்சிங்கர் குழு. 13 நானோமீட்டர் தங்கத்தில் இரண்டு பங்கு எடுத்து, ஒன்றுக்கொன்று பொருந்தாத டிஎன்ஏ இழைகளைப் பங்குக்கு ஒருவகையாக ஒட்டினார்கள். கலந்தாலும் ஒன்றும் நடக்காது. இரண்டுக்கும் நுனி கொடுக்கும் மூன்றாவது டிஎன்ஏவைச் சேர்த்ததும் சிவப்பு ஊதாவாகும். 80 டிகிரிக்குச் சூடாக்கினால் இழைகள் பிரிந்து மீண்டும் சிவப்பு. ஆறவைத்தால் மறுபடி ஊதா. உப்பால் விழுந்த தங்கம் எழாது, டிஎன்ஏவால் சேர்ந்த தங்கம் எழுந்து வரும். என்னை இந்தத் துறைக்கு இழுத்தது அந்த நிறம்தான், கம்பி அல்ல.

மற்றொன்று பெர்க்லியில் பால் அலிவிசாட்டோஸ் குழு. 1.4 நானோமீட்டர் தங்கம், ஒரு துகளுக்கு ஒரே இழை. அதை வைத்து இரண்டு துகள், மூன்று துகள் என்று எண்ணி அடுக்கினார்கள். முதல் குழு கட்டியது குவியல், இரண்டாம் குழு கட்டியது மூலக்கூறு. யார் முதலில் என்ற விவாதத்தை இங்கே தொடங்கவேண்டாம்.

20 ஜனவரி 2024, இரவு

தொடங்கிவிட்டார்கள். நான் வரவில்லை.

24 ஜனவரி 2024

புலம்பல் ஒன்று. தங்கத்தின் மேல் டிஎன்ஏவை நெருக்கமாக ஒட்டவேண்டுமானால் உப்பு வேண்டும். உப்பு இல்லாவிட்டால் எதிர்மின்னூட்டம் கொண்ட இழைகள் ஒன்றையொன்று தள்ளும். ஆனால் உப்பை ஒரேயடியாகப் போட்டால் தங்கம் நீலமாகிச் செத்துவிடும். அதனால் சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில் இடைவெளி விட்டு, ஒன்றிரண்டு நாள் ஏற்றுவோம். இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஆய்வகத்துக்கு நடந்து போய் உப்பு ஊற்றிவிட்டு வந்தவன் நான். பனியில் நடந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் வெளியே வந்த மறுவருடம், 2017இல், கனடாவின் வாட்டர்லூவிலிருந்து ஒரு கட்டுரை. தங்கத்தையும் கந்தக முனை டிஎன்ஏவையும் கலந்து ஃப்ரீசரில் வைக்கவேண்டும். உறைந்ததும் எடுத்து உருகவிடவேண்டும். முடிந்தது. பனிக்கட்டி உருவாகும்போது தன்னுள் எதையும் சேர்க்காது. துகள், இழை, உப்பு எல்லாவற்றையும் இடுக்குகளுக்குள் நெருக்கித் தள்ளும், அந்த நெருக்கத்தில் இழைகள் தங்கத்தில் ஏறிக்கொள்ளும். எங்கள் ஆய்வகத்தில் ஃப்ரீசர் இருந்தது. என் மேசையிலிருந்து நாலடி.

2 பிப்ரவரி 2024

ஓரிகாமியை, அதாவது டிஎன்ஏவைக் காகிதம் போல் மடித்து வடிவம் செய்வதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

அடித்தளம் போட்டவர் நாட்ரியன் சீமன். புரதங்களைப் படிகமாக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தவர். 1980இல் ஒரு மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, டச்சு ஓவியர் எஷரின் மரச்செதுக்கு ஓவியம் ஒன்று நினைவுக்கு வந்தது: வரிசை வரிசையாக மிதக்கும் மீன்கள். ஒவ்வொரு மீனும் ஆறு கைகள் கொண்ட டிஎன்ஏ சந்திப்பு என்று பார்த்தார். மீன்கள் தாமாக அடுக்கி நின்றால், அவற்றோடு புரதங்களும் அடுக்கி நிற்கும். 1982இல் அதை எழுதினார். 2021இல் காலமானார்.

2006இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பால் ரோத்முண்ட் அதை எளிமையாக்கிவிட்டார். எம்13 என்ற வைரஸின் 7,249 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை. அதை மடித்துப் பிடிக்க 200க்கும் மேற்பட்ட குட்டித் துண்டுகள். எல்லாவற்றையும் ஒரே குழாயில் போட்டுச் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டால் நினைத்த வடிவம். 100 நானோமீட்டர் அகலச் சிரித்த முகம், கோடிக்கணக்கில். ஒவ்வொரு குட்டித் துண்டும் வரைபடத்தில் ஓர் இடம், அதாவது விலாசம். எந்த விலாசத்தில் வால் நீட்டி விடுகிறோமோ அங்கே தங்கத் துகள் வந்து உட்காரும்.

இது காகிதத்தில். குழாயில் நடந்ததைச் சொல்கிறேன். ஓரிகாமி மடிப்புக் குலையாமல் இருக்க மெக்னீசியம் வேண்டும். பக்கத்துப் பக்கத்து இழைகளின் விலக்கலை அது அடக்கிவைக்கும். தங்கத்துக்கு மெக்னீசியம் எமன். இரட்டை மின்னூட்டம், சாதா உப்பைவிடப் பல மடங்கு வீரியம். ஒருமுறை இழை சரியாக ஏறாத தங்கத்தை ஓரிகாமி கரைசலில் சேர்த்தேன். பைபெட் முனையை வெளியே எடுப்பதற்குள் சிவப்பு விளிம்பிலிருந்து நீலம் இறங்கியது, நீலச் சொட்டு போட்ட வேட்டித் தண்ணீர் மாதிரி. அரை நிமிடத்தில் குழாய் முழுக்கச் சாம்பல். எட்டு நாள் வேலை.

5 பிப்ரவரி 2024

பின்வாங்கல். ஜனவரி 9 அன்று சணல், மண் என்று கேலி செய்தேன். டிஎன்ஏ இடத்தைச் சொல்லும், உலோகத்தின் தடிமனைச் சொல்லாது என்பது அதன் உட்பொருள். என் காலத்து வேலைக்கு அது உண்மை. ஆனால் 2014இலேயே, நான் ஃபாகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே வருடம், ஹார்வர்டில் பெங் யின் குழு விஷயத்தைத் தலைகீழாகப் புரட்டியிருந்தது. நூலின் மேல் உலோகத்தை வளர்க்காமல், டிஎன்ஏவாலேயே கெட்டிச் சுவர் கொண்ட பெட்டி செய்து, உள்ளே ஒரு தங்க விதையை ஊன்றி, பெட்டிக்குள் வளரவிட்டார்கள். சுவரைத் தொட்டதும் உலோகம் நிற்கும். வெளியே வருவது சுவரின் வடிவம். மெழுகு அச்சில் சிலை வார்ப்பது போல என்று எழுதப் போனேன். அங்கே உலோகம் உருகி ஊற்றப்படுகிறது, இங்கே அறை வெப்பத்தில் அயனி அயனியாக ஏறுகிறது. ஆகவே சட்டிக்குள் முளைத்துச் சட்டி வடிவத்தில் சுருண்ட வேர் என்பது இன்னும் பொருத்தம்.

ஜெர்மனியிலும் அதே காலத்தில் இதே யோசனை இருந்தது. 2018இல் லைப்சிக், டிரெஸ்டன் ஆய்வாளர்கள் இத்தகைய அச்சுகளை வரிசையாகக் கோத்து, உள்ளே தங்கத்தை வளர்த்துக் கடத்தும் கம்பிகளாக்கினார்கள். அதிலும் விதைக்கும் விதைக்கும் நடுவே ஒட்டுமிடம் இருக்கிறது. மணிமாலை பிரச்சினை தேய்ந்திருக்கிறது, தீரவில்லை.

6 பிப்ரவரி 2024

நம் பக்கத்து ஆட்கள் யாரும் இல்லையா என்று ஒருவர். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் படித்த யமுனா கிருஷ்ணன் இருக்கிறார். பெங்களூரில் இருந்தபோது, 2009இல், அமிலத்தன்மை மாறினால் மடங்கி விரியும் டிஎன்ஏ கருவியை உயிருள்ள செல்லுக்குள் அனுப்பி அளந்து காட்டினார். இப்போது சிகாகோவில். தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, டிஎன்ஏ மட்டும். யோசித்தால் அவர்தான் கெட்டிக்காரர்.

11 பிப்ரவரி 2024

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "அப்படியென்றால் டிஎன்ஏ சில்லு வராதா?"

டிரான்சிஸ்டர் ஒன்று வந்தது. 2003இல், அதே டெக்னியான். பாக்டீரியாவின் ரெக்ஏ என்ற புரதத்தை டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் போர்த்தினார்கள். போர்த்திய இடத்தில் ஒரு கார்பன் நானோ குழாயை உட்காரவைத்தார்கள். போர்த்தாத பகுதிகளில் உலோகம் வளர்த்தார்கள். அவையே இணைப்புக் கம்பிகள். குழாய் டிரான்சிஸ்டராக வேலை செய்தது. நான் பார்த்த வேலைகளில் மிக அழகானது என்று இன்றும் சொல்வேன். ஆனால் ஒன்றைச் செய்வது வேறு. கோடிக்கணக்கில், ஒன்றுகூடப் பிசகாமல், சிலிக்கான் தொழிற்சாலை போல் செய்வது வேறு. ஆறவைத்தால் தானாக மடியும் பொருளில் நூற்றில் சில கோணல்மாணலாகத்தான் மடியும். போன் சில்லுக்கு அது ஆகாது.

ஆகும் இடங்கள் உண்டு. 2012இல் மியூனிக்கில் டிம் லீடில் குழு, ஓரிகாமித் தண்டைச் சுற்றி ஒன்பது தங்கத் துகள்களைத் திருகுபடிக்கட்டு போல் உட்காரவைத்தது. இடப்பக்கம் திருகியதும் வலப்பக்கம் திருகியதும் திருகிக்கொண்டே போகும் சுழல் ஒளியோடு வெவ்வேறாக நடந்துகொண்டன. அங்கே துகள்கள் தொட்டுக்கொள்ளவே வேண்டாம். இடைவெளி சரியாக இருந்தால் போதும். டிஎன்ஏவுக்குத் தெரிந்த வேலை அதுதான், தூரம் காப்பது. 2008இல் மிர்கின் குழுவும் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஓலெக் காங் குழுவும் தங்கத் துகள்களைக் குவியலாக விடாமல் ஒழுங்கான படிகமாகவே அடுக்கிக் காட்டினார்கள். துகளை அணுவாகவும் டிஎன்ஏவைப் பிணைப்பாகவும் வைத்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், கம்பி என்பது டிஎன்ஏவுக்கு நாம் கொடுத்த தவறான உத்தியோகம். நான்கு வருடம் அந்த உத்தியோகத்தில் மேற்பார்வையாளனாக இருந்ததால் கொஞ்சம் கசப்பு கலந்திருக்கலாம், கழித்துக்கொள்ளுங்கள்.

12 பிப்ரவரி 2024

சரிகைக்காரருக்கு: உங்களிடம் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முழம் சரிகையின் இரண்டு நுனியிலும் வைத்து எண்ணைச் சொல்லுங்களேன். ஆர்வத்தில் கேட்கிறேன்.

18 பிப்ரவரி 2024

அவர் அளந்து எழுதியிருக்கிறார். புதுச் சரிகையில் சில ஓம், எங்கே தொட்டாலும் அசையவில்லை. பிறகு தன் அம்மாவின் கல்யாணப் புடவையில், கறுத்துப்போன ஓரச் சரிகையிலும் வைத்துப் பார்த்தாராம். "முதலில் ஒன்றுமே காட்டவில்லை. அழுத்தினால் காட்டுகிறது. விட்டால் வேறு எண். ஒருமுறை அழுத்திய இடத்தில் மறுமுறை லேசாகத் தொட்டாலே காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?"

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. வெள்ளியின் மேல் கந்தகம் ஏறிப் படலம் கட்டியிருக்கிறது; நீங்கள் அழுத்தும்போது அது உடைந்து உள்ளே இருக்கும் வெள்ளி தொடுகிறது. 2014இல் என் திரையில் ஒவ்வொரு கம்பிக்கும் வந்த கோடு இதேதான்: முதலில் ஒன்றுமில்லை, மின்னழுத்தத்தைக் கூட்டினால் திடீரென்று, திரும்பி வரும்போது வேறு பாதை. நானும் முதலில் மீட்டரைத்தான் மாற்றினேன்.